முதுகெலும்பு வளைவு ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி வலி: எப்படிச் சமாளித்தீர்கள்?

அம்பை அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் மூத்த மகளுக்குப் பதினைந்து வயது. முதுகெலும்பு வளைவு, டாக்டர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த டெய்லர் அக்காதான், ஒரு தோள் ஏறியிருக்கிறதே என்று முதலில் சொன்னார். அப்போது 30 டிகிரி சொச்சம். பெல்ட் போட்டும் நிற்காமல் இந்த வருஷம் 58 டிகிரிக்குப் போய்விட்டது. மதுரையில் வைத்து ஆபரேஷன் முடித்தோம். ரெண்டு பக்கமும் ராடு, ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். கை கால் நன்றாக அசைகிறது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இப்போது இரண்டாவது வாரம், வீட்டில்தான் இருக்கிறோம்.

பகலில் ஒருமாதிரி ஓட்டிவிடுகிறாள். ராத்திரி மூணு மணி வாக்கில் முழித்து, "யம்மா, தோளுக்கு நடுவில பிடிச்சு இழுக்குது" என்று அழுகிறாள். அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சீட்டில் பாராசிட்டமால் 650 காலை, மதியம், இரவு. டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஒன்று, வலி இருந்தால் மட்டும், ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல் வேண்டாம் என்று. ராத்திரிக்கு கேபாபென்டின். வயிற்றுப் புண் வராமலிருக்க வெறும் வயிற்றில் ஒன்று. எல்லாம் இங்கிலீஷில் எழுதித் தந்துவிட்டார்கள். கிளம்புகிற அவசரத்தில் சரியாகக் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

பக்கத்து வீட்டில், இத்தனை மாத்திரை கொடுத்தால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். என் மாமியார், தெரிந்த வைத்திய ஆசான் ஒருவரைக் கூட்டிவந்து எண்ணெய் போட்டு உருவிவிட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று நிற்கிறார்கள். எனக்கு அந்த வலி மாத்திரை பழக்கமாகிவிடுமோ என்று பயம். அதனால் அதை அவள் ரொம்ப அழுதால்தான் கொடுக்கிறேன். வெளிக்குப் போய் நாலு நாளாகிறது. தையலுக்குப் பக்கத்தில் தொட்டால் தெரியவில்லை என்கிறாள். இதெல்லாம் வழக்கமாக வருவதுதானா? எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி நர்ஸ்:

அக்கா, மற்றதையெல்லாம் வந்து எழுதுவார்கள். நான் ஆபத்தான அறிகுறிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் 101-ஐத் தாண்டுகிறதா? தையல் வாயில் ஈரமோ சீழோ வருகிறதா, சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிறதா? காலில் புதிதாக வலுக்குறைவு, ரெண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு அல்லது தன்னையறியாமல் போவது? ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? சாப்பிட்டதெல்லாம் விடாமல் வாந்தியாக வருகிறதா? முதுகை நிமிர்த்தும்போது சில ஒல்லிப் பிள்ளைகளுக்குச் சிறுகுடலின் ஆரம்பப் பகுதி ரெண்டு ரத்தக்குழாய்களுக்கு நடுவில் நெரிபடும், அதனாலும் இப்படி வாந்தி வரும். மாத்திரை போட்டபின் தட்டி எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் இருக்கிறாளா?

இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஃபோன் போட்டுவிட்டு, 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். சாதாரண சந்தேகத்துக்கு 104-ல் கேட்கலாம், தமிழிலேயே சொல்வார்கள். இதெதுவும் இல்லையென்றால் நீங்கள் சொன்ன தொந்தரவெல்லாம் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதுதான். ஆனால் நாலு நாள் வெளிக்குப் போகாததை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:

அக்கா, நானும் இதே ஆபரேஷன் செய்தவள். பதினொன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், 62 டிகிரி வளைவுக்கு. இப்போது வேலைக்குப் போகிறேன், ஸ்கூட்டி ஓட்டுகிறேன். உங்கள் பிள்ளை மூணு மணிக்கு எழுந்து அழுகிறாள் என்றதும் மற்ற வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூணு மணியிலிருந்தே ஆரம்பிப்போம். காலை, மதியம், இரவு என்றால் நம் வீடுகளில் எட்டு மணி, ரெண்டு மணி, ஒன்பது மணி. பாராசிட்டமால் ஒரு மாத்திரை நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். ஒன்பது மணிக்குப் போட்டது மூணு மணிக்குள் தீர்ந்துபோகும். அடுத்த மாத்திரை காலை எட்டுக்கு. நடுவில் பிள்ளை அஞ்சு மணி நேரம் மருந்தே இல்லாமல் கிடக்கிறாள். அவளுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். டாக்டருக்கு ஃபோன் போட்டு, "இருபத்துநாலு மணி நேரத்துக்கும் பிரித்து, ஆறு மணிக்கு ஒரு தடவையாகக் கொடுக்கலாமா, நடு ராத்திரி எழுப்பிக் கொடுக்கலாமா" என்று நேராகக் கேளுங்கள். வலி உச்சத்துக்கு ஏறின பிறகு கொடுக்கும் மாத்திரை அதைக் கீழே கொண்டுவர ரொம்ப நேரம் எடுக்கும். ஏறுவதற்கு முன்னால் கொடுத்தால் அதே மாத்திரை போதும். முதல் சில வாரங்களுக்கு வலி மாத்திரையைக் கடிகாரம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அழுகையைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது.

ஆனால் கூட்டல் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தச் சேர்க்கை மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கிறது. டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325 என்று அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். மூணு 650-யும் ரெண்டு 325-ம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 2600 மில்லிகிராம். பெரியவர்களுக்கே 4000-ஐத் தாண்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஆகவே நாலாவது 650-ஐ நீங்களாகச் சேர்த்துவிடாமல், பிள்ளையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் சளி, காய்ச்சல் என்று மெடிக்கலில் வாங்கும் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் பாருங்கள். அளவு மீறினால் முதலில் அடிவாங்குவது ஈரல். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகைதான் கிட்னியையும் வயிற்றையும் தொந்தரவு செய்யக்கூடியது. ராடு வைத்த இடத்தில் எலும்பு சேர்ந்து ஒட்டுவதை அவை தாமதப்படுத்தலாம் என்பதால் சில டாக்டர்கள் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்பார்கள், சிலர் அளவோடு கொடுப்பார்கள். உங்கள் டாக்டர் எழுதாமல் அவற்றை வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்களும் பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள்.

பழக்கமாகிவிடும் என்ற பயம் எல்லா அம்மாவுக்கும் வரும். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கேட்கக் கூடாது. ஆபரேஷன் வலிக்கு, சொன்ன அளவில், கொஞ்ச நாள் கொடுத்து, அப்புறம் படிப்படியாகக் குறைப்பது வேறு விஷயம். அட்டை உங்கள் கையில் இருக்கட்டும், எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், சனி ஞாயிறில் தீர்ந்துபோகாமல் முன்கூட்டியே சீட்டு வாங்கி வையுங்கள். டிரமடாலும் கேபாபென்டினும் ரெண்டுமே தூக்கம் கொடுக்கும், ஆகவே ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கும் நேரத்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேபாபென்டினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "வலிக்குது" என்று அவள் சொல்லும்போது என்ன வலி என்று கேளுங்கள் அக்கா. எனக்கு ஒரு வலி இல்லை, நாலஞ்சு வலி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எங்கள் அம்மா ஒரு கோடு போடாத நோட்டில் நேரம், மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை, எந்த மாதிரி வலி என்று எழுதி வைப்பார்கள். செக்கப்புக்குப் போனபோது டாக்டர் என்னைக் கேட்டதைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

தையல் கிடக்கும் இடம் புண்ணாக, மந்தமாக வலிக்கும். அதற்குப் பாராசிட்டமால் நன்றாகக் கேட்கும், அது நாளுக்கு நாள் குறையும். தோளுக்கு நடுவில் பிடித்து இழுப்பது அது இல்லை, அது தசைப்பிடிப்பு. ராடு வைப்பதற்காக முதுகெலும்பின் ரெண்டு பக்கமும் தசையை எலும்பிலிருந்து ஒதுக்குகிறார்கள். வளைந்த முதுகுக்குப் பழகி ஒரு பக்கம் சுருங்கியும் மறுபக்கம் நீண்டும் இருந்த தசை, ஒரே நாளில் நேரான முதுகுக்கு மாற வேண்டியிருக்கிறது. அது முரண்டுபிடிக்கும். சாயங்காலமும் ராத்திரியும், ரொம்ப நேரம் ஒரே பக்கம் படுத்திருந்தாலும் கூடும். கை வைத்துப் பார்த்தால் அந்த இடம் இறுகிக் கெட்டியாக இருப்பது தெரியும். உங்கள் சீட்டில் இந்தப் பிடிப்புக்குத் தனியாக மருந்து எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. தசை தளர்த்தும் மாத்திரை என்று ஒரு வகை உண்டு, உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். என்னுடைய ராத்திரிகள் அதற்குப் பிறகுதான் மாறின.

இன்னொரு வலி சுள்ளென்று கரண்ட் அடித்தாற்போல் வரும், அல்லது எறும்பு ஊரும், எரியும், சட்டை உரசினாலே ஆகாது. அது நரம்பு. கேபாபென்டின் கொடுத்திருப்பது அதற்குத்தான். தையலுக்குப் பக்கத்தில் தொட்டால் தெரியாததும் இதில் சேர்ந்தது. தோலுக்கு அடியில் போகும் சின்ன நரம்புகள் அறுபடுகின்றன, அவை திரும்ப வளர மாசக்கணக்கில் ஆகும். எனக்குத் தழும்பின் நடுவில் ஒரு விரல் அகலம் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது, அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்துவிடாதீர்கள். சுடுவது பிள்ளைக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். டாக்டர் சரி என்றால், தையலை விட்டுத் தள்ளி, தொடு உணர்ச்சி உள்ள தோள்பட்டையில் துண்டு சுற்றி இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைக்கலாம்.

விலா எலும்பில் ஏதாவது வெட்டி எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். முதுகில் திமில் மாதிரி புடைத்திருந்தால் சிலருக்கு அதையும் சேர்த்துச் செய்வார்கள். அப்படியென்றால் மூச்சு இழுத்தால், இருமினால், தும்மினால் குத்தும். இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்திருந்தால் அங்கேயும் தனியாக வலிக்கும்.

கடைசியாக வயிறு. நாலு நாள் என்றால் பாதி அழுகை அதில்தான் இருக்கும். டிரமடால் குடலை மந்தமாக்கிவிடும். முக்கினால் முதுகில் போய் வலிக்கும், அந்தப் பயத்தில் பிள்ளை அடக்கிக்கொள்வாள், அப்புறம் இன்னும் இறுகும். லாக்டுலோஸ் மாதிரி ஒரு சிரப் டாக்டர் எழுதித் தருவார், வலி மாத்திரை நிற்கிற வரைக்கும் அதுவும் தினசரி ஓடட்டும். தண்ணீர், கொய்யாப்பழம், கீரை, நடை. கீழே குந்தும் கக்கூஸ் என்றால் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது.

அத்தை சொல்வதைப் பற்றி. நம் பக்கத்து ஆசான்மார் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், எங்கள் தாத்தாவின் கால் சுளுக்கு அப்படித்தான் சரியானது. ஆனால் இந்த முதுகில் இப்போது யாரும் கை வைக்கவே கூடாது. தோல் ஒட்டத்தான் ரெண்டு மூணு வாரம். உள்ளே வைத்த எலும்புத் துணுக்குகள் சேர்ந்து ஒரே எலும்பாக இறுக ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். அதுவரை ராடும் ஸ்க்ரூவும்தான் பிடித்து நிறுத்துகின்றன. அழுத்தி உருவினால் புண் வாய் திறக்கும், எண்ணெய் பட்டால் அழுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கும். அத்தையிடம் நல்லவிதமாகச் சொல்லி, அவர்கள் கையால் உளுந்தங்களி கிண்டித் தரச் சொல்லுங்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்ட களி இந்த நேரத்தில் உடம்புக்கு நல்லதுதான், பசியே எடுக்காத நாட்களில் எனக்கு இறங்கிய ஒரே சாப்பாடு அது. கூட முட்டை, பால், பருப்பும் வேண்டும்.

படுக்கை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. பத்தமடைப் பாய் விரித்துத் தரையில் படுப்பது கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். படுப்பது பிரச்சினை இல்லை, எழுந்திருப்பதுதான். இலவம்பஞ்சு மெத்தையும் வேண்டாம், நடுவில் குழியும். எங்கள் வீட்டில் பட்டாசலில் கட்டில் போட்டு நார் மெத்தை விரித்தார்கள், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரம். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்தால் முட்டிக்கு நடுவில் ஒன்று, முதுகுக்கு முட்டாக ஒன்று.

அப்புறம் ஒன்று, இதை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். தலை பின்னுவது. உட்கார வைத்துச் சிக்கெடுத்தால் சீப்பு இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் நேராகத் தோள் நடுவுக்குப் போகும். நான் அழுததில் பாதி அதற்குத்தான், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, பிள்ளையை நிற்க வைத்து, பீரோவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முடியின் வேரை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுங்கள். தொளதொளவென்று ஒற்றைப் பின்னல் போதும். அந்த வயசுப் பிள்ளைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துக் கண்ணாடியில் பார்த்தாலே முகம் மாறும்.

சாயங்காலம் காரணமில்லாமல் அழுதாலும் கேட்டுக்கொண்டு கூடவே இருங்கள். பெரிய ஆபரேஷன், தூக்கமில்லை, மருந்து மயக்கம், சொந்த உடம்பு புதிதாகத் தெரிகிறது. வலி பூஜ்யமாக வேண்டும் என்று பார்க்காதீர்கள். எழுந்து நடக்க, ஆழ்ந்து மூச்சு விட, ராத்திரி தூங்க முடிகிற அளவுக்குக் குறைந்தால் சரியான பாதையில் போகிறது.

நெல்லை பிசியோ:

மேலே அந்தத் தங்கச்சி எழுதியது எல்லாம் சரி. என் பங்குக்குக் கொஞ்சம். ராத்திரி வலியில் பாதி எழுந்திருக்கும் விதத்தில் வருகிறது. மல்லாந்து படுத்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்புமாறு பக்கவாட்டில் புரள வேண்டும். தோள் முன்னால் போய் இடுப்பு பின்னால் வந்தால் அது முறுக்கு, கூடாது. புரண்டபின் ரெண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். படுப்பதும் இதே வழியில், பின்னோக்கி.

ராத்திரி முழிக்கும்போது அப்படியே கிடந்து அழ விடாமல், எழுப்பி தார்சா (வராண்டா) வரைக்கும் ரெண்டு நடை நடக்கவைத்துத் திரும்பப் பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். பிடிப்பு மாத்திரைக்குக் கேட்பதைவிட நடைக்கு நன்றாகக் கேட்கும். பகலில் ஒரே நடையாக நீளமாகப் போவதைவிட, மணிக்கு ஒரு தடவை எழுந்து அடுக்களை, வாசல் என்று கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது மேல். உட்காருவது அரை மணிக்கு மேல் வேண்டாம், கைப்பிடி உள்ள மர நாற்காலி, சோபா கூடாது. குனிய, முறுக்க, கனம் தூக்க வேண்டாம். மூணு பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருப்பார்கள், அதை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஊதுவதற்கில்லை, மெதுவாக உள்ளிழுப்பதற்கு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நெஞ்சில் சளி கட்டும். மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமட்டும்.

சங்கரன்கோவில் அண்ணாச்சி:

என் மகனுக்கும் செய்தோம், அவன் இப்போது காலேஜ். தாய்மார் எல்லாம் எழுதிவிட்டீர்கள், நான் அப்பாமார்களுக்குச் சொல்கிறேன். ராத்திரியை ரெண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்ராத்திரி நான், பின்ராத்திரி என் வீட்டம்மா. அலாரம் என் செல்லில். ஒரு ஆளே முழித்திருந்தால் ஒரு வாரத்தில் அந்த ஆளும் படுத்துவிடுவார், மாத்திரைக் கணக்கும் தப்பும்.

செக்கப்புக்கு மதுரை போகும்போது கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுத்துவிடுங்கள். காரில் முன்சீட்டைச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை. அம்பையிலிருந்து திருநெல்வேலி வரும்வரை வேகத்தடைகளில்தான் கஷ்டம், நாலுவழிச் சாலை ஏறிவிட்டால் பரவாயில்லை. கோவில்பட்டியில் ஒரு தடவை, விருதுநகரில் ஒரு தடவை இறக்கி நடக்க வையுங்கள். பஸ் படியேற்றமும் கூட்டமும் இப்போதைக்கு ஏலாது.

அம்பை அம்மா:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. நர்ஸ் தங்கச்சி சொன்ன அறிகுறி எதுவும் இல்லை. மறுநாளே ஃபோன் போட்டேன். டாக்டரின் ஜூனியர் பிள்ளையின் எடையைக் கேட்டார், 43 கிலோ. 650-ஐ ஆறு மணிக்கு ஒரு தடவையாக மாற்றி, சேர்க்கை மாத்திரையை ராத்திரி மட்டும், அதுவும் ஒன்றுதான், என்று கூட்டிப் பார்த்துச் சொன்னார். பிடிப்புக்குத் தனியாக ஒரு மாத்திரையும், சிரப்பும் வாட்ஸ்அப்பில் சீட்டாக அனுப்பினார். சிரப் ஆரம்பித்த ரெண்டாம் நாள் வயிறு இறங்கியது, பிள்ளை முகமே தெளிந்துவிட்டது. நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பி மாத்திரை கொடுத்தேன். நாலரைக்குத்தான் முழித்தாள். அவளே, "யம்மா, இது பிடிப்பு, தார்சா வரைக்கும் நடப்போம்" என்றாள். நடந்துவிட்டுத் திரும்பப் படுத்துத் தூங்கினாள்.

ஆசான் விஷயத்தை நான் சொன்னால் மாமியார் கேட்க மாட்டார்கள் என்று அவர்கள் மகனையே சொல்ல வைத்தேன். களி தினமும் நடக்கிறது.

இன்னும் ஒன்று கேட்கணும். பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்பலாம்? பாடம் போகிறதே என்று அதற்கு வேறு அழுகிறாள். தோழிகள் வந்து பார்த்துவிட்டு, உயரமாகிவிட்டாய் என்றார்கள், அதில் கொஞ்சம் சந்தோஷம்.

பாளையங்கோட்டைக்காரி:

அக்கா, இதைப் படித்ததும் அவ்வளவு நிம்மதி. உயரம் நிஜம்தான், வளைவு நிமிர்ந்ததும் பலருக்கு ஓரிரு சென்டிமீட்டராவது கூடும். பாவாடை, சுடிதார் எல்லாம் ஏறி நிற்கும்.

பள்ளிக்கூடம் பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். டிரமடால் முழுதாக நின்ற பிறகு அனுப்புங்கள், அந்த மயக்கத்தோடு வகுப்பில் உட்கார முடியாது. முதல் வாரம் மதியம்வரை மட்டும். ஹெட்மிஸ்ட்ரஸிடம் டாக்டர் கடிதம் கொடுத்து, வகுப்பைக் கீழ்த்தளத்தில் வைக்க முடியுமா, மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க விடுவார்களா, பி.டி. பீரியடில் விலக்கு உண்டா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் ரெண்டு செட்: ஒன்று வீட்டில், ஒன்று பள்ளிக்கூடத்தில். பை தோளில் ஏறவே கூடாது. அங்கே என்ன கக்கூஸ் என்பதையும் முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள், பல பிள்ளைகள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், திரும்ப வயிறு கட்டும். சைக்கிள், ஓட்டம், குற்றாலத்தில் அருவிக்கு முதுகைக் காட்டுவது எல்லாம் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதைப் பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான், அதற்கு ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும்.

வலி குறைந்துகொண்டே வந்து, பல மாசம் கழித்துப் புதிதாக ஒரே இடத்தில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனால், அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காமல் உடனே காட்டுங்கள். எலும்பு ஓரிடத்தில் ஒட்டாமலோ ஸ்க்ரூ தளர்ந்தோ இருந்தால் அப்படித்தான் தெரியும். அந்த நோட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கேபாபென்டினை எந்தெந்தத் தேதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது அதிலேயே எழுதிக்கொள்ளலாம். பிள்ளைக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவளையே இங்கே எழுதச் சொல்லுங்கள், நான் தினமும் சாயங்காலம் பார்ப்பேன்.